குழாயை எடுத்த பிறகு

1980களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை வென்டிலேட்டரிலிருந்து மீட்பது என்றால் பெரும்பாலும் ஒரு குமிழைத் திருகுவதுதான். இயந்திரம் நிமிடத்துக்கு 12 முறை மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வருவார்; 10 ஆக்கச் சொல்வார். மாலையில் 8. மறுநாள் 6. நடுவில் நோயாளி சோர்ந்துபோனால் மீண்டும் 10. இப்படி இறக்கியும் ஏற்றியும் 4க்கு வந்து, ரத்த வாயுப் பரிசோதனையும் ஒழுங்காக இருந்தால், ஒரு காலையில் தொண்டையில் இருந்த டியூபை உருவிவிட்டு ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டுவார்கள். அதோடு முடிந்தது. இழுத்துப் பிடித்து நின்றால் வார்டுக்குப் போவார். திணறினால் திரும்ப டியூப் போட்டுக்கொள்ளலாம், அதிலென்ன என்பதுதான் பொதுவான எண்ணம்.

அதில் என்ன என்பது எண்ணிக்கையாகக் கண்ணில் பட 1997 ஆயிற்று. அமெரிக்காவில் ஸ்காட் எப்ஸ்டீனும் சகாக்களும் டியூப் எடுக்கப்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எடுத்தபின் நிலைத்துவிட்டவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 12 சதவீதம். 72 மணி நேரத்துக்குள் மீண்டும் டியூப் தேவைப்பட்டவர்களில் 43 சதவீதம். முதலிலேயே நோய் கடுமையாக இருந்தவர்கள்தான் தோற்றிருப்பார்கள், அதனால்தான் இறந்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த இடைவெளி மூடவில்லை. அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றையும் காட்டியது: திணறத் தொடங்கியவருக்கு மறுபடி டியூப் போட எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்கு இறப்பும் கூடுகிறது. டியூபை எடுப்பது சிகிச்சையின் முடிவு என்று இருந்த நினைப்பு அங்கேதான் உடைந்தது.

தீவிர சிகிச்சைத் துறை பிறந்தபோது நிலைமை வேறாக இருந்தது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகளுக்கு பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் சொன்னபடி தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்தவர்கள் மருத்துவ மாணவர்கள். சுமார் 1500 பேர் முறைவைத்து வந்தார்கள். பையை அழுத்தும் கைக்கு ஒரு விஷயம் தெரியும். நோயாளி தானாக ஒரு மூச்சு இழுத்தால் பை தளர்வதில் அது உடனே புலப்படும். இயந்திரம் வந்தபோது சோர்வில்லாத உழைப்பு கிடைத்தது. அந்தக் கைத்தொடர்பு போயிற்று. பிறகு நாற்பது ஆண்டுகள் மருத்துவர்கள் தேடியது, அந்தக் கை அறிந்ததைச் சொல்லக்கூடிய ஓர் அளவைத்தான்.

1991இல் கார்ல் யாங்கும் மார்ட்டின் டோபினும் கொடுத்த அளவு பள்ளிக் கணக்குப் போன்றது. டியூபோடு இருக்கும் நோயாளியை ஒரு நிமிடம் தானாக மூச்சுவிடச் செய்து, மூச்சின் எண்ணிக்கையை ஒவ்வொரு மூச்சின் அளவால், லிட்டர் கணக்கில், வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 20 முறை, ஒவ்வொன்றும் 400 மி.லி. என்றால் 50. அதுவே 35 முறை, 250 மி.லி. என்றால் 140. 105ஐத் தாண்டினால் அவர் வேகமாகவும் மேலோட்டமாகவும் இரைக்கிறார், தனியே நிற்கமாட்டார் என்று பொருள். இன்றும் ஐ.சி.யூ.க்களில் இந்த எண்ணைக் கேட்பார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்பெயினின் ஆந்த்ரேஸ் எஸ்தேபன் குழு அந்தக் குமிழ்த் திருகலையே சோதித்தது. கொஞ்சங்கொஞ்சமாக எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, தினமும் ஒருமுறை இயந்திரத்தைக் கழற்றி, டி வடிவக் குழாயில் ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்துத் தானாக மூச்சுவிடச் செய்து பார்த்தவர்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவில் விடுபட்டார்கள். பக்குவம் என்று எல்லோரும் கைக்கொண்ட முறைதான் நோயாளியை இயந்திரத்தோடு அதிக நாள் கட்டிவைத்திருந்தது. 1999இல் அதே குழு, இரண்டு மணி நேரச் சோதனை தேவையில்லை, அரை மணி போதும் என்றும் காட்டியது.

தூக்க மருந்தின் கதையும் இதனோடு சேர்ந்தது. அன்றைய ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் நோயாளி என்றால் கண் மூடிக் கிடப்பவர். கையைக் கட்டி, சொட்டுச் சொட்டாகத் தூக்க மருந்தை ஓடவிட்டு, அசையாமல் வைத்திருப்பதே நல்ல கவனிப்பு என்று கருதப்பட்டது. உறவினர்களும் அதைத்தான் விரும்பினார்கள். கஷ்டம் தெரியாமல் தூங்கட்டும் டாக்டர் என்பார்கள். 2000ஆம் ஆண்டு சிகாகோவில் ஜான் கிரெஸ் குழு தினமும் ஒருமுறை மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கவிட்டுப் பார்த்தது. வென்டிலேட்டர் நாட்கள் குறைந்தன. 2008இல் விழிப்புச் சோதனையையும் மூச்சுச் சோதனையையும் ஒரே காலையில் அடுத்தடுத்துச் செய்த ஆய்வில், ஓராண்டு கழித்து உயிரோடிருந்தவர்களின் எண்ணிக்கையே கூடியிருந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு கண்டுபிடிப்பு பலரை உலுக்கியது. உதரவிதானம் 18 முதல் 69 மணி நேரம் வரை வேலையில்லாமல் இருந்தாலே, அதன் தசை நார்கள் பாதிக்கும் மேல் இளைத்துவிடுகின்றன. நாம் ஓய்வு என்று கொடுத்தது உண்மையில் இழப்பு.

இத்தனையும் ஒரே கேள்விக்கான விடைகள்: இயந்திரம் இல்லாமல் இவரால் மூச்சுவிட முடியுமா? அரை மணிச் சோதனையில் தேறி டியூப் எடுக்கப்பட்டவர்களிலும் பத்துக்கு ஒருவர், சில இடங்களில் ஐந்துக்கு ஒருவர், மறுபடி டியூபுக்குத் திரும்பினார்கள். காரணம் எளிது. சோதனை நடக்கும்போது டியூப் தொண்டையில்தான் இருக்கிறது. அது மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. சளியை சக்‌ஷன் போட்டு எடுக்க வழி தருகிறது. இயந்திரம் இல்லாமல் வாழ முடியுமா என்பதும் டியூப் இல்லாமல் வாழ முடியுமா என்பதும் இரண்டு வேறு கேள்விகள். இரண்டாவதைத் தனியே கேட்கத் தொடங்கியதுதான் இந்தத் துறையில் கடந்த கால் நூற்றாண்டின் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன்.

இருமலை எடுத்துக்கொள்வோம். அன்றைய கேஸ் ஷீட்டுகளில் இருமல் என்று ஒரு வரி இருக்காது. நர்ஸ்களுக்கு மட்டும் தெரியும்: சக்‌ஷன் குழாய் உள்ளே போனால் இந்த அம்மா நன்றாக இருமுகிறார், அந்தப் பெரியவர் முகத்தைச் சுளிப்பதோடு சரி என்று. அந்த அறிவு ரவுண்ட்ஸில் யாரும் கேட்காததால் நர்ஸ்களிடமே தங்கிவிட்டது. 2001இல் அமெரிக்காவில் ஒரு குழு அதை எழுத்தில் கொண்டுவந்தது. டியூபின் வாய்க்கு ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து நோயாளியை மூன்று நான்கு முறை இருமச் சொன்னார்கள். அட்டை நனைந்தால் தேறுவார். நனையாவிட்டால் தோற்கும் வாய்ப்பு அதிகம். செலவு ஓர் அட்டை.

2004இல் அதே வழியில் வந்த ஆய்வு மூன்றைச் சேர்த்துப் பார்த்தது. இருமும்போது வெளிவரும் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 60 லிட்டரை எட்டாதது ஒன்று. மணிக்கு 2.5 மி.லி.க்கு மேல் சளி சுரப்பது இன்னொன்று. மூன்றாவது, கண்ணைத் திறங்க, என் விரலைப் பாருங்க, கையைப் பிடிங்க, நாக்கை நீட்டுங்க என்ற நான்கையும் செய்ய முடியாதது. மூன்று குறையும் இருந்தவர்கள் எல்லோரும் தோற்றார்கள். எதுவும் இல்லாதவர்களில் தோற்றவர்கள் 3 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதில் எனக்கு முக்கியமாகப் படுவது எண்கள் அல்ல. கட்டிலருகே எட்டு மணி நேரம் நிற்பவரின் பார்வை முதன்முதலாக முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தது. இன்று நல்ல ஐ.சி.யூ. ஒன்றில் டியூப் எடுக்கலாமா என்று பேசும்போது முதல் கேள்வி நர்ஸிடம் போகும்: ராத்திரி எத்தனை தடவை சக்‌ஷன் போட்டீங்க? இரண்டு மணிக்கு ஒருமுறைக்கும் மேல் என்றால் எல்லோரும் கொஞ்சம் நிதானிப்பார்கள்.

இதயம் இன்னும் மறைவாக வேலை செய்யும். வென்டிலேட்டர் நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்து, பலவீனமான இதயத்துக்கு ஒரு வகையில் தோள் கொடுக்கிறது. அதைக் கழற்றியதும் மடை திறந்ததுபோல் ரத்தம் திரும்பி வரும். மூச்சுவிடும் உழைப்பும் பதற்றமும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். தாங்காத இதயம் நீரை நுரையீரலில் தேக்கிவிடும். 1988லேயே பிரான்ஸில் பிரான்சுவா லெமேர் குழு, நுரையீரல் நோயும் இதய நோயும் சேர்ந்த 15 பேரில் இதைக் காட்டியிருந்தது: இயந்திரத்தைக் கழற்றிய பத்து நிமிடத்தில் இதயத்தின் இடப்புற அழுத்தம் மூன்று மடங்கானது. சிறுநீர் பிரிக்கும் மருந்து கொடுத்து உடலில் தேங்கிய நீரை ஒரு வாரம் வடித்தபின், அவர்களில் பலரை இயந்திரத்திலிருந்து பிரிக்க முடிந்தது. ஆனாலும் அடுத்த பல ஆண்டுகள், சோதனையில் திணறிய நோயாளியின் நுரையீரலையே எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006இல் எட்டு நாடுகளில் 900 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு, டியூப் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் உள்ளே போன திரவம் வெளியே வந்ததைவிட அதிகமாக இருப்பதே ஓர் ஆபத்துக் காரணி என்றது. நிமோனியாவுக்காக வென்டிலேட்டரில் போடப்பட்டிருப்பதும் அப்படியே. இன்று டியூப் எடுக்கும் காலையில் வரவு செலவுக் கணக்குபோல நீர்க்கணக்கைப் பார்க்கிறார்கள். எதிர்பாராமல் தோற்றவருக்கு இதய ஸ்கேன் எடுக்காமல் அடுத்த முயற்சி கிடையாது.

வயதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயது மட்டுமே ஒருவரைத் தோற்கடிப்பதில்லை. 2011இல் ஆர்னோ தீய் குழு பிரான்ஸில் கண்டது, 65 வயதைத் தாண்டியதோடு நாட்பட்ட இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தவர்களில் மூன்றில் ஒருவர் தோற்றார் என்பது. மற்றவர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை.

தொண்டை வீக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டியூப் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால், போடும்போது சிரமப்பட்டிருந்தால், பல நாள் இருந்துவிட்டால் குரல்வளை வீங்கும். பெண்களுக்கு இது அதிகம். டியூபின் பலூனைத் தளர்த்தி, சுற்றிலும் காற்று கசிகிறதா என்று முன்கூட்டியே பார்க்கலாம். கசியாவிட்டால் ஸ்டீராய்டு உதவும். அன்று டியூபை எடுப்பதற்குச் சற்று முன்னால் அதை ஓர் ஊசியாகப் போட்டார்கள்; பெரிய பலனில்லை. 12 மணி நேரத்துக்கு முன்பே தொடங்கி நான்கு மணிக்கு ஒருமுறை கொடுத்தபோது வீக்கம் 22 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்ததை 2007இல் பிரெஞ்சு ஆய்வு காட்டியது.

நம் பக்கத்து ஐ.சி.யூ.க்களில் மேலைநாட்டுப் புத்தகங்கள் அதிகம் பேசாத ஒரு நோயாளி உண்டு: பூச்சிமருந்து குடித்தவர். தமிழ்நாட்டின் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வென்டிலேட்டரில் இருப்பவர்களில் இவர்களை எப்போதும் பார்க்கலாம். பலர் இளம் வயதினர். ஆர்கனோபாஸ்பேட் வகை விஷம் முதல் நாளில் எச்சிலும் சளியும் பெருக்கி மூச்சை முட்டவைக்கும். அட்ரோபின் கொடுத்து உலர்த்துவார்கள். இரண்டாம் நாள் பார்த்தால் ஆள் தெளிவாக இருப்பார், கண் விழித்து வீட்டாரை அடையாளம் காண்பார், மூச்சு எண்ணும் நன்றாக இருக்கும். அன்று டியூபை எடுத்துவிடுவார்கள். ஒரு நாள் கழித்துத் திடீரென்று மூச்சு நின்றுபோகும். வார்டுக்கு மாற்றியபின் இது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை விதி என்றும், வயிற்றில் மிச்சமிருந்த விஷம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இலங்கையில் நிமல் சேனநாயக்கவும் லக்‌ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் இதற்கு ஒரு பெயரும் உருவமும் கொடுத்தார்கள். விஷம் உட்கொண்ட 24 முதல் 96 மணி நேரத்தில், முதல் நெருக்கடி தணிந்த பிறகு, கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் கைகால்களின் மேற்பகுதித் தசைகளும் செயலிழக்கும் ஓர் இடைநிலை இது. உலகின் முன்னணி மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரை, நம் வட்டாரத்து வார்டுகளின் அனுபவம் உலகத்துக்குக் கற்றுத்தந்த பாடம். அதன் முதல் அறிகுறியைக் காண எந்தக் கருவியும் வேண்டாம்: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் அவரால் முடியாது. இன்று பூச்சிமருந்து நோயாளியை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த நாட்கள் கடக்கும்வரை அவசரப்பட்டுப் பிரிக்கமாட்டார்கள். தலையைத் தூக்கிச் சில நொடி நிறுத்துகிறாரா என்று தினமும் பார்ப்பார்கள். அட்ரோபினைக் குறைக்கும்போது சளி மறுபடி பெருகுகிறதா என்றும் பார்ப்பார்கள். விஷத்தால் வந்த மூச்சு நோய் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகக்கூடியது. அதனால் இவரை அவசரத்தில் இழப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஆபத்துள்ளவர் யார் என்று முன்கூட்டியே அறிந்து என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று கையில் ஆக்ஸிஜன் மாஸ்க் தவிர அதிகம் இல்லை. முகத்தில் இறுக்கிக் கட்டும் மாஸ்க் வழியே வென்டிலேட்டர் மூச்சைக் கொடுக்கும் முறை வந்தபோது, திணறத் தொடங்கியவருக்கு அதைப் போட்டுக் காப்பாற்றலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். 2004இல் எஸ்தேபன் குழுவின் பன்னாட்டு ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. திணறியபின் மாஸ்க் போட்டவர்களில் 25 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 14 சதவீதம். மாஸ்க் ஆளைக் காப்பாற்றவில்லை, மறு டியூபைத் தள்ளிப்போட்டது. தாமதம் கொல்லும் என்று எப்ஸ்டீன் சொன்னது இங்கே மறுபடி உறுதியானது.

அதே மாஸ்க்கை, திணறுவதற்கு முன்பே, ஆபத்துள்ளவருக்கு டியூப் எடுத்த உடனே போட்டபோது பலன் நேர்மாறாக இருந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நடந்த ஆய்வுகள் அதைக் காட்டின. பின்னர் மூக்கு வழியே வெதுவெதுப்பான ஈரக்காற்றை மிக வேகமாகச் செலுத்தும் கருவி வந்தது. ஆபத்துக் குறைந்தவர்களிலேயே அது மறு டியூபை 12.2 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகக் குறைத்ததை 2016இல் ஸ்பெயினின் ஹெர்னாண்டஸ் குழு கண்டது. ஆபத்து மிகுந்தவர்களுக்கு அதையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது இன்னும் நல்லது என்று 2019இல் தீய் குழு காட்டியது. கொரோனாவுக்கு முன்பு நம் ஊர்களில் பெரிய தனியார் மருத்துவமனைகளில் மட்டும் காணப்பட்ட அந்தக் கருவி, 2020, 2021இல் பல அரசு மருத்துவமனைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, காரணிகளின் பட்டியல் இன்று வெறும் ஜோதிடம் அல்ல. யாருக்கு எதை, எந்த நிமிடத்தில் தொடங்க வேண்டும் என்பதை அது சொல்கிறது.

இத்தனைக்குப் பிறகும் தோல்வி பத்திலிருந்து இருபது சதவீதம் வரை நிற்கிறது. இதைப் பூஜ்யமாக்க ஒரு வழி உண்டு. எல்லோரையும் இன்னும் சில நாள் டியூபோடு வைத்திருப்பது. 2000ஆம் ஆண்டு மூளைக் காயம்பட்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் வில்லியம் காப்ளின் குழு செய்த ஆய்வு அந்த வழியின் விலையைக் காட்டியது. மற்றபடி தகுதியிருந்தும், நினைவு முழுதாகத் திரும்பவில்லை என்பதால் டியூப் எடுப்பது தள்ளிப்போடப்பட்டவர்களுக்கு நிமோனியாவும் இறப்பும் அதிகமாக இருந்தன. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோர் டியூப் எடுத்தபின் நன்றாக மூச்சுவிட்டார்கள். தாங்களாகவே டியூபைப் பிடுங்கிக்கொள்ளும் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது மறுபடி தேவைப்படுவதில்லை என்பதும் நாம் எவ்வளவு தாமதிக்கிறோம் என்பதற்குச் சாட்சி. சில தோல்விகளை ஏற்றுத்தான் ஆக வேண்டும். அவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் போதும்.

கண்டுபிடிக்க ஆள் வேண்டும். டியூப் எப்ப சார் எடுப்பீங்க என்று நாள்தோறும் கேட்கும் குடும்பம், எடுத்துவிட்டோம் என்றதும் கைகூப்பிவிட்டு ஊருக்குப் போன் செய்யப் போகும். டாக்டரும் அடுத்த கட்டிலுக்கு நகர்வார். இயந்திரம் கழன்ற நோயாளிக்கு நர்ஸ் குறைவாக இருந்தால் போதும் என்று நிர்வாகம் கணக்குப் போடும்; அந்தக் கட்டில் அடுத்த நோயாளிக்குத் தேவைப்படும். ஆனால் எடுத்தபின் வரும் இரண்டு மூன்று நாட்களும், குறிப்பாக முதல் இரவும்தான் அவருக்கு மிகக் கடினமானவை. மூச்சு 25லிருந்து 32 ஆவதையும், வியர்ப்பதையும், தோள் தூக்கி மூச்சிழுப்பதையும், பேச்சு ஒற்றைச் சொற்களாகக் குறைவதையும் மானிட்டரின் அலாரத்துக்கு முன்பே மனிதக் கண் பிடித்துவிடும். வெள்ளை அட்டையும் தலை தூக்கும் சோதனையும் எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் இன்றே செய்யக்கூடியவை. மூக்கு வழியே காற்றுச் செலுத்தும் கருவியும் பல இடங்களுக்கு வந்துவிட்டது. டியூப் எடுத்தவருக்கும் டியூபில் இருப்பவருக்குக் கொடுக்கும் அதே நர்ஸ் கணக்கை 48 மணி நேரம் தொடர வேண்டும் என்று பணியட்டவணையில் எழுதுவது மட்டும் இன்னும் பெரும்பாலான இடங்களில் நடக்கவில்லை.